கையுறையைக் கழற்றும் வேலை

என் கணவரின் ஒன்றுவிட்ட அக்காவுடைய மகன் ரொறன்ரோவிலிருந்து வந்து ஒக்லாந்தில் இருக்கிற எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டின் கீழ் அறையில் ஒரு குளிர்காலம் தங்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதுமே எனக்கு அது சரியாகப் படவில்லை. தங்குவதில் பிரச்சினை இல்லை. மகள் வெலிங்டனுக்குப் படிக்கப் போனதிலிருந்து அந்த அறை சும்மாதான் கிடந்தது. அவன் வருவதற்குச் சொன்ன காரணம்தான் எனக்குள் இறங்கவில்லை. ஐஸ் ஹொக்கி விளையாட வருகிறானாம். அதுவும் பொழுதுபோக்குக்கு இல்லை, அதையே தொழிலாகச் செய்கிறவனாம்.

"தமிழ்ப் பிள்ளையோ?" என்று கேட்டேன்.

"என்ர அக்கான்ர பிள்ளை வேற என்ன பிள்ளையாய் இருக்கும்?" என்றார் கணவர்.

எங்கள் ஆட்களில் டொக்டர்களைத் தெரியும், எஞ்சினியர்களைத் தெரியும், டெயரி என்கிற தெருமுனைக் கடை நடத்துகிறவர்களைத் தெரியும். பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டுபோய்த் தடியால் ஒரு ரப்பர் வட்டை அடித்துச் சம்பளம் வாங்குகிற ஒருவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. சரி, கனடாவில் அப்படியும் ஒரு பிள்ளை வளரலாம். ஆனால் அவன் ஒக்லாந்துக்கு ஏன் வரவேண்டும்? இங்கே அந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் பகலில் தச்சுவேலையோ ஆசிரியர் வேலையோ செய்துவிட்டுப் பின்னேரம் ஆசைக்கு விளையாடுகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஓரிருவருக்கு விமான ரிக்கெற் போட்டுக் கொடுப்பார்கள், இருக்க இடம் பார்த்துக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். சம்பளத்துக்கு விளையாடிய ஒருவன் சம்பளமில்லாத இடத்துக்குத் தானாக வருகிறான் என்றால் பின்னால் ஏதோ இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

நான் பார்மசிஸ்ட். சந்தேகப்படுவது எனக்குப் பழக்கம் இல்லை, தொழில். மருந்துத் துண்டில் கையெழுத்து கொஞ்சம் சரிந்திருந்தால் பார்க்கவேண்டும். மாத்திரைப் போத்தல் கடலில் விழுந்துவிட்டது என்று சொல்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். "நீர் கடையில செய்யிறதை வீட்டிலயும் செய்யாதையும்" என்று கணவர் அடிக்கடி சொல்வார். ஆனால் கண்ணைக் கடையில் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதே.

அவன் வந்து இறங்கினான். கதவு நிலையை நிரப்புகிற உடம்பு. முன்பல் ஒன்று இல்லை. இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. தோளில் ஒரு பை, அதற்குள் ஒரு ஆளைச் சுருட்டி வைக்கலாம். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, "வணக்கம் மாமி" என்றான். அங்கே பிறந்த பிள்ளை என்றாலும் தமிழ் நன்றாகத்தான் வந்தது, கொஞ்சம் இழுத்து இழுத்து.

இடியப்பமும் சொதியும் வைத்தேன். சாப்பிடும்போது அவன் கையைப் பார்த்தேன். வலது கை முட்டிகள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஒன்று உள்ளே அமுங்கியிருந்தது, மற்றது தடித்துப் பக்கத்துக்கு நகர்ந்திருந்தது, மேலே தோல் வெளிறிப் பளபளத்தது. தடி பிடிக்கிறவனின் கை உள்ளங்கையில் அல்லவா காய்த்துப்போக வேண்டும் என்று நினைத்தேன். நான் பார்ப்பதை அவன் கண்டுவிட்டான். கையை மேசைக்குக் கீழே இறக்கி, இடது கையால் சாப்பாட்டுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினான், என்னுடையதையும் சேர்த்து. அவ்வளவு பணிவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை அவன் படியேறும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பு முழுவதையும் திருப்பினான். குசினி அலுமாரியில் இருந்து பனடோல் வலி மாத்திரையை எடுத்து நீட்டினேன்.

"வேண்டாம் மாமி."

"இது சாதாரண பனடோல்தான் தம்பி."

"தெரியும். நான் ஒண்டும் எடுக்கிறேல்லை." கொஞ்சம் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னான். "மாமாக்கு முதுகு நாரியில ஒப்பரேசன் செய்ததெண்டு அம்மா சொன்னவ. அந்த நோவு மாத்திரை மிச்சம் இருந்தால் வீட்டில வைக்காதேங்கோ. கடைக்குக் கொண்டுபோய்க் குடுத்திடுங்கோ."

இருபது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அது போதும். வலியோடு இருக்கிற மனிதன் பனடோலைக்கூடத் தொட மறுக்கிறான் என்றால், ஒரு காலத்தில் தொடக்கூடாததைத் தொட்டு மீண்டவன் அவன். அல்லது இன்னும் மீளாதவன். அன்றைக்கே கணவரின் மிச்ச மாத்திரைகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கணவருக்குக் கோபம் வந்தது. "அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னால் அதுக்கும் குற்றமோ?" என்றார். குற்றம் என்று நான் சொல்லவில்லை. இதுவரை தெரியாத ஒன்று இப்போது தெரிந்திருக்கிறது, இன்னும் எத்தனை தெரியாமல் இருக்கிறதோ என்றுதான் யோசித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. பகலில் அவன் அறை யன்னல் திரை மூடியே இருந்தது. ரீவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மெதுவாகக் கேட்பான். அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்துபோய்த் தோட்டத்தில் நின்றான். நான் நேற்றுச் சொன்ன ஒன்றை இன்று சொன்னால் முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தான். கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது தெரிந்த ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "உங்கட வீட்டில நிக்கிற பொடியன்ர கையைப் பாத்தனீங்களோ? ரொறன்ரோவில முந்தி எங்கட பொடியள் கூட்டம் கூட்டமாய்ச் சண்டை பிடிச்சுத் திரிஞ்சவங்கள். விசாரிச்சுப் பாருங்கோ" என்றார். சோற்றை வாங்கிக்கொண்டு விலகி வந்தேன், ஆனால் அந்தச் சொல் என்னோடேயே வந்தது.

ஒரு சனிக்கிழமை உடுப்பு உலர்த்தக் கராஜுக்குப் போனேன். அவன் எனக்கு முதுகைக் காட்டி நின்று போனில் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தான். குரல் உயரவில்லை. "அதைச் செய்யமாட்டேன் என்று வருவதற்கு முதலே சொல்லிவிட்டேன்" என்றான். கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு, "ஆட்கள் எதைப் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதற்கு வரவில்லை" என்றான். நான் ஈர உடுப்போடு திரும்பி வந்துவிட்டேன். 'அது' என்ன என்று அன்று முழுக்க யோசித்தேன். என் தொழிலில் 'அது' என்றால் போதை மாத்திரைதான் நினைவுக்கு வரும்.

அவன் பயிற்சிக்குப் போகாத ஒரு நாள், கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கராஜில் இருந்த அந்தப் பெரிய பையைத் திறந்தும் பார்த்தேன். ஈரக் கவசங்கள், சறுக்குச் சப்பாத்து, ஒரு கட்டு ரேப், நாட்கணக்கில் ஊறிய வியர்வை நாற்றம். வேறு ஒன்றும் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு மூடினேன்.

விடயம் கடைசியில் என் கடையிலேயே வெளியே வந்தது. என்னோடு வேலை செய்கிற கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து அடுக்குவது அவள் வேலை. வீட்டுக் கதையை நான் அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, இவர்தானே உங்க வீட்ல இருக்கறவர்? பேரைப் போட்டுத் தேடுனேன். இது மட்டும்தான் வருது."

வெள்ளைத் தரை. சுற்றிலும் சனம். அவன்தான், இன்னும் இளமையாக, பல்லோடு. எதிரே இன்னொரு பெரிய மனிதன். இரண்டு பேரும் தடியைக் கீழே விட்டார்கள். கையுறைகளைக் கழற்றி எறிந்தார்கள். ஒருவரின் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு முகத்தில் குத்தினார்கள், விடாமல், திரும்பத் திரும்ப. நடுவர்கள் இரண்டு பக்கமும் கைகட்டாத குறையாக நின்று பார்த்தார்கள். சனம் எழும்பி நின்று கத்தியது. மற்றவன் விழுந்த பிறகுதான் நடுவர்கள் உள்ளே வந்தார்கள். இவன் நிமிர்ந்து, கையுறையைப் பொறுக்கிக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஓரத்தில் இருந்த தண்டனைக் கூண்டுக்குள் போய்க் குந்தினான்.

அது ஒன்றில்லை. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. எல்லாவற்றிலும் வேறு வேறு நிறச் சட்டை, வேறு வேறு எதிராளி. எங்கேயும் அவன் வட்டை அடித்ததாக ஒரு படம் இல்லை.

"கோவத்துல அடிக்கற மாதிரியே இல்ல பாருங்க" என்றாள் அவள். "ஆபீஸ் போய்ட்டு வர்ற மாதிரி இருக்கு."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி போட்டு அவனைக் கூப்பிட்டேன். கணவரும் மேசையில் இருந்தார். சுற்றி வளைக்கவில்லை. "வீடியோ பாத்தனான் தம்பி" என்றேன்.

அவன் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தான். முதல்முறையாக அந்த வலது கையை மறைக்கவில்லை.

"எந்த வீடியோ?" என்றான். பிறகு தானே, "எதெண்டாலும் ஒண்டுதான்" என்றான்.

"அது விளையாட்டோ?"

"அது என்ர வேலை மாமி. ஒவ்வொரு ரீமிலயும் ஒராள் இருப்பான். எங்கட நல்ல பிளேயரை ஆரும் இடிச்சு விழுத்தினால் நான் போகவேணும். போய்க் கையுறையைக் கழட்டவேணும். பேந்து எங்கட பிளேயரைத் தொட யோசிப்பாங்கள். அதுக்குத்தான் என்னை வச்சிருந்தவங்கள்."

"நீ வட்டு அடிக்கிறேல்லையோ?" என்று கணவர் கேட்டார். அந்தக் கேள்வியில் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"சின்னனில அடிச்சனான் மாமா. ஸ்காபரோவில எங்கட வயசுப் பிள்ளையளுக்குள்ள நான்தான் கெட்டிக்காரன். அப்பா விடியக் காலமை தான் ஓடுற ராக்சியில கொண்டுபோய் இறக்கிவிடுவார். பெரிய ஆக்களோட விளையாடப் போனாப் பிறகுதான் தெரிஞ்சது, என்ர கால் அவ்வளவு கெதி இல்லை எண்டு. அப்ப கோச் கூப்பிட்டுச் சொன்னார், நீ வீட்ட போகலாம், இல்லாட்டி இருந்து இந்த வேலையைச் செய்யலாம் எண்டு. அப்பாட்டப் போய் என்னெண்டு சொல்லுறது? நான் இருந்திட்டன்."

பத்து வருடத்துக்கு மேலாக அப்படியே இருந்திருக்கிறான். சின்னச் சின்ன ஊர்கள், பஸ்ஸில் நீண்ட பயணம், பெரிய அணிகளுக்குக் கீழே இருக்கிற அணிகள். ஒவ்வொரு முறையும் ஒரு வருட ஒப்பந்தம். கை முறிந்தால் ரேப் சுற்றி அடுத்த ஆட்டம். நோவுக்கு அணியில் யாரோ ஒருவர் மாத்திரை கொடுப்பார், என்ன மாத்திரை என்று கேட்பதில்லை. அந்த மாத்திரையை விட்டொழிக்க எவ்வளவு பாடுபட்டான் என்று சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். தாய்க்கு இதில் ஒன்றும் தெரியாது. பின்னால் நின்று கோலைக் காக்கிற இடம் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

"எங்கட அம்மா ஆக்கள் ஊரில நடந்த சண்டைக்குப் பயந்துதான் அங்க ஓடிவந்தவை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மாமி. அவவிட்ட நான் ஆக்களுக்கு அடிச்சுத்தான் உழைக்கிறன் எண்டு சொல்ல ஏலுமோ?"

"அப்ப இஞ்ச ஏன் வந்தனீ?"

"இஞ்ச கையுறையைக் கழட்டினால் வெளியில அனுப்பிவிடுவினம். ரூல் அப்பிடி. அதுதான் வந்தனான். சண்டை இல்லாமல் விளையாடினால் நான் என்ன மாதிரி எண்டு எனக்கு ஒருக்காப் பாக்கவேணும்." கொஞ்சம் பொறுத்து, "ஆனால் கிளப்பில இவங்கள் என்னை எதுக்குக் கூப்பிட்டவங்கள் எண்டு இப்ப எனக்கே சந்தேகம்" என்றான்.

கராஜில் நான் கேட்ட கதை அப்போதுதான் விளங்கியது. நான் கேட்டேன் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

இதை நான் முழுதாக நம்பினேனா என்றால் இல்லை. கடையில் இதைவிட நல்ல கதைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிழமைக் கடைசியில் அவன் தாய் என்னை போனில் கூப்பிட்டு, "மச்சாள், நீங்கள் அவன் விளையாடுறதைப் போய்ப் பாத்தனீங்களோ? அவன் அதில என்ன செய்யிறவன்?" என்று கேட்டபோது, அந்தக் குரலிலும் என்னவோ இருந்தது. மகனைப் பற்றி விசாரிக்கிறவளின் குரலாக அது இல்லை. என்னை ஆழம் பார்க்கிறவளின் குரல். "இனித்தான் போகவேணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பிளாட் புஷ் பகுதியைத் தாண்டிக் கடைத்தொகுதிக்குப் பின்னால், வெளியே இருந்து பார்த்தால் கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். உள்ளே குளிர் எலும்பில் ஏறியது. கதவடியில் அவன் படம் ஒட்டியிருந்தார்கள். கையில் தடி இல்லை. முட்டி மடக்கிய கை. அதைப் பார்த்ததும் என் சந்தேகம் அவனை விட்டு இடம் மாறியது. வேண்டாம் என்று சொன்னவனின் முட்டியை யார் ஒட்டினார்கள்?

எனக்கு அந்த விளையாட்டு விளங்கவில்லை, வட்டு போகிற வேகத்தில் கண் போகவில்லை. ஆனால் அவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மெதுவானவன் என்று சொன்னது பொய் இல்லை. சின்னப் பொடியன்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் நிற்கவேண்டிய இடத்தில் நின்றான். வட்டு அவனிடம் வந்தபோது தட்டி ஆளுக்கு ஆள் அனுப்பினான். ஒருமுறை அவன் அனுப்பியது கோலாகப் போனது. பக்கத்தில் இருந்த கணவர் அதற்குக் கைதட்டினார். வேறு அதிகம் பேர் தட்டவில்லை.

பிறகு அது நடந்தது. எதிரணியில் ஒரு தடியன் எங்கள் பக்கத்துச் சின்னப் பொடியன் ஒருவனைச் சுவரோடு சேர்த்து இடித்தான். பொடியன் எழும்பவில்லை. ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தார்கள். சனமும் பார்த்தது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் அவன் பெயரைத் தாளம் போட்டுக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் சறுக்கிக்கொண்டு போய் அந்தத் தடியனின் சட்டையை நெஞ்சோடு பிடித்தான். மற்றவன் தன் கையுறையைக் கழற்றிவிட்டான். நான் எழும்பி நின்றுவிட்டேன். என் கணவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

அவன் மற்றவனைப் பிடித்தபடியே நின்றான். ஒரு கையால் மட்டும். மற்றக் கை தொங்கிக்கொண்டிருந்தது, கையுறையோடு. மற்றவன் இரண்டு குத்துக் குத்தினான். ஒன்று தலைக்கவசத்தில், ஒன்று வாயில். நடுவர்கள் வந்து பிரித்து மற்றவனை வெளியே அனுப்பினார்கள். அவன் சட்டையை விட்டுவிட்டு விழுந்துகிடந்த பொடியனிடம் போய்க் குனிந்து என்னவோ கேட்டான். தாளம் நின்றுபோனது. யாரோ கோழை என்ற பொருளில் ஒரு சொல்லைக் கத்தினார்கள். சொந்த அணியிலேயே ஒருவன் அவனைத் தாண்டிப் போகும்போது தோளால் இடித்துவிட்டுப் போனான்.

காரில் திரும்பி வரும்போது அவன் பின் சீற்றில் என் பக்கத்தில் இருந்தான். உதட்டில் பஞ்சு வைத்திருந்தான். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, "நாங்கள் எங்க போறம் மாமி?" என்று கேட்டான்.

"வீட்டதானே தம்பி."

"ஓம், ஓம்" என்றான். சற்றுப் பொறுத்துத் திரும்பவும் அதையே கேட்டான்.

கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போகவேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள் என்றேன். யன்னல் திரை, ரீவி சத்தம், அடுப்பில் பால், இதெல்லாம் எதன் அடையாளம் என்று ஒரு மாதமாக என் கண் முன்னால் இருந்தது. நான் பார்த்தது மாத்திரையை மட்டும்.

தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு பார்த்த விசேட டொக்டர் அவனிடம் நேராகக் கேட்டார், இதுவரை எத்தனை முறை தலையில் அடிபட்டு நினைவு தடுமாறியிருக்கிறது என்று. அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, இனி ஒருவரும் உன்னை இடிக்கிற விளையாட்டு வேண்டாம் என்றார்.

அவன் அழவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று, "நாலு ஆட்டம் நல்லா விளையாடினனான் மாமி. அது காணும்" என்றான். காணாது, போதவே போதாது என்பது முகத்தில் தெரிந்தது. கழகத்துக்கு அறிவித்தோம். அவர்கள் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார்கள், அவன் சாமான்களை யாரோ கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அவன் படத்தை எப்போது கழற்றினார்கள் என்று தெரியாது.

தாய்க்கு அவனே சொன்னான். எங்கள் குசினியில் இருந்து, போனைச் சத்தமாகப் போட்டு, எங்களையும் இருக்கச் சொல்லி. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் போய்த் திரும்பத் தமிழுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கணவர் போனை எட்டிப் பார்த்தார்.

"பல்லு விழுந்தது தடி பட்டு எண்டு சொன்னனீ" என்றாள் அவள். "தடி பட்டால் கை ஏன் வீங்கினது எண்டு நான் அப்பவே யோசிச்சனான்."

"அப்ப ஏனம்மா கேக்கேல்லை?"

"கேட்டால் சொல்லிப்போடுவாய் எண்ட பயம்."

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நான் போய் வெளிச்சத்தைக் குறைத்தேன்.

அவன் திரும்பிப் போகவில்லை. விசா இன்னும் இருந்தது. மூன்று மாதம் எங்கள் வீட்டிலேயே ஓய்வெடுத்தான், பிறகு விரி என்கிற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை எடுத்தான், பொதி ஏற்றுகிற வாகனத்தில் இல்லை, ஸ்கேன் செய்கிற இடத்தில். கொஞ்ச நாளில் பிளாட் புஷ்ஷில் இரண்டு பேரோடு சேர்ந்து வாடகைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். கடையில் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் அவனை விசாரித்தபடி இருக்கிறாள். நல்லா இருக்கிறான் என்று சொல்வேன். "நெஜமாவா அக்கா?" என்பாள்.

எனக்கும் தெரியாது. தலையிடி இப்போது இல்லை என்கிறான். ஆனால் சாப்பிட வரும்போது யன்னலுக்கு முதுகு காட்டுகிற கதிரையைத்தான் பார்த்து எடுக்கிறான். போன ஞாயிறு கணவரோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன் இடையில் எழும்பிப் போய்த் தோட்டத்துக் கதவடியில் கண்ணை மூடி நின்றான். நான் பின்னால் போய், "தலையிடியோ தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை மாமி. காத்து வாங்க வந்தனான்."

அவன் கண்ணைத் திறக்கும்வரை நானும் பக்கத்தில் நின்றேன். டொக்டரிடம் அடுத்த தடவை போகும்போது நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை, வேலை முடிய கடைக்கு வந்து உங்களை ஏற்றுகிறேன் என்றான்.